பச்சை முகச் சாக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரிசுக்கு வந்து கோப்பை கழுவினேன். இன்றைக்கு லா சப்பலில் என் கடையைத் தெரியாத தமிழன் இல்லை. சிவப்பரிசிச் சாக்கில் தன் படத்தையே அச்சடித்து விற்கிறவன் என்னைவிட்டால் யார்? முதல் அச்சில் மட்டும் என் முகம் பச்சையாக விழுந்துவிட்டது. அந்தச் சாக்குகளில் ஒன்றைக்கூட நான் கடைக்கு விடவில்லை. வீட்டில் வெங்காயம் போட வைத்துக்கொண்டோம்.

மகள் ஒரு பூனை வளர்த்தாள். இரண்டாவது கடை வாங்கக் கையெழுத்து வைக்கப் புறப்பட்ட காலையில், நல்ல சகுனமாக முழிவியளம் பார்க்க மனைவியைத் தண்ணீர்ச் செம்போடு எதிரே வரச் சொல்லியிருந்தேன். அவளை முந்திக்கொண்டு பூனை குறுக்கே ஓடியது. அன்றே கடைக்காரன் மனம் மாறி, விற்கமாட்டேன் என்றான். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் மகள் படிக்கப் போனதும் பூனையைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினேன். நகருக்கு வெளியே லா கூர்னெவ்வில் கிடங்குகளுக்குப் பின்னால், கடைச் சாமான் ஏற்றும் வானை நிறுத்திக் கட்டை அவிழ்த்தேன். அது வெளியே வரவில்லை. சாக்கோடு விட்டுவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

மகள் பூனையின் படத்தைத் தெருத்தெருவாக ஒட்டினாள். என் கடைக் கண்ணாடியில் அவள் ஒட்டியது கோணலாக இருந்தது. நானே நிமிர்த்தி ஒட்டினேன்.

“அண்ணை, பிள்ளையின்ரை பூனை வந்திட்டுதோ?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

“என்ரை கடையிலை கருவாடுதானே. அது நல்ல மீன்கடையாப் பாத்து மாறியிருக்கும்!”

வந்தவர்கள் சிரிப்பார்கள். கல்லாவில் நிற்கும் மகள் தலையைக் குனிந்துகொள்வாள். குளிர்காலம் முழுவதும் தேடினாள். மெலிந்துபோனாள்.

குளிர் முடியும் நேரம் ஒரு மிருக வைத்தியரிடமிருந்து அழைப்பு வந்தது. பூனையின் கழுத்துத் தோலுக்குள் வைத்த சிப்பில் மகளின் தொலைபேசி இலக்கம் இருந்ததாம். மூவரும் போனோம். வானை ஓட்டியது நான்தான்.

பூனைக்கு ஒரு காது பாதி இல்லை. வாலில் மயிர் இல்லை. மகள் கூப்பிட்ட உடனே அது நொண்டிக்கொண்டு வந்து அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்தது. அவள் விம்மி அழுதாள்.

அதற்குச் சாப்பாடு போட்டுக் காப்பாற்றிய கிடங்குத் துப்புரவுக்காரியும் அங்கே இருந்தாள். இதை விட்டு அது எங்கும் படுக்காது என்று பிரெஞ்சில் சொல்லி, ஒரு சாக்கை விரித்தாள். அதில் கும்பிட்டபடி நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பச்சையாக.

“எங்கடை வெங்காயச் சாக்கெல்லோ?” என்றாள் மனைவி.

“என்ரை சாக்கு எங்கைதான் போகேல்லை? ஐரோப்பா முழுக்கப் போகுது,” என்றேன்.

“பச்சை முகம் போகேல்லை,” என்றாள் மகள். எப்போதும் என்னோடு பிரெஞ்சில் பேசுகிறவள். “நீங்களோ, அப்பா?”

நான் சட்டைப்பையில் வான் திறப்பைத் தேடினேன்.

அவள் வானில் ஏறவில்லை. பூனையையும் சாக்கையும் அணைத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். இப்போது சார்செலில் தனியாக இருக்கிறாள். மனைவி மட்டும் போய்வருவாள். எனக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இரண்டாவது கடையை வேறு இடத்தில் திறந்தபோதும் மகள் வரவில்லை.

போன கிழமை மனைவியிடம், “அந்தச் சாக்கை இன்னும் எறியேல்லையோ?” என்று கேட்டேன்.

“பூனை அதிலைதான் படுக்குது.”

“என்ரை முகத்திலையோ?”

“ஓம். நான் தோய்ச்சுத் தாறன் எண்டன். ‘விடுங்கோ அம்மா, அந்த முகம் அதுக்காவது உதவட்டும்’ எண்டாள்.”