பேப்பர் எனக்கு, ரத்தம் தம்பிக்கு

"பொறந்த அன்னைக்கே எல்லார் டிஎன்ஏவையும் கவர்மெண்டு எடுத்து வச்சிக்கிட்டா இந்த அலைச்சலே இருக்காது ஆன்ட்டி. யாரு யாரோட புள்ளைன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்லா."

இதைச் சொன்னது ஈப்போவில் எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கிற ஒரு வக்கீல் பெண். நல்ல பெண்தான். எங்களுக்காக அவளே வருத்தப்பட்டுக்கொண்டு சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். விடியுமுன் எழுந்து பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டிவிட்டு, அப்படியே எண்ணெய் வாடையோடு வந்திருந்தேன். அந்த அலுப்பில் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் எனக்கு ஒரே தலையாட்டல்தான்.

பக்கத்தில் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஐம்பதை எட்டப்போகிறான். அவனிடம் ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது, பிறப்புப் பத்திரம் கிடையாது. பேராக் மாநிலத்தைத் தாண்டி ஒரு ராத்திரி படுத்தவன் இல்லை, ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர்களின் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். சர்க்கரைப் புண் காலில் ஏறிக்கொண்டே இருந்தது. இப்படி விட்டு விட்டு வைத்தியம் பார்த்தால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒழுங்காகத் தொடர்ந்து பார்க்க ஐசி வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படியேற்றம்.

வக்கீல் பெண் வழியைச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், குடியுரிமை உள்ள கூடப்பிறந்தவர் யாராவது டிஎன்ஏ கொடுக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் இவன் இன்னாருடைய பிள்ளை என்று சொல்லி மனுப் போடலாம்.

"நீங்க சொந்த அக்காதானே ஆன்ட்டி? உங்க பேப்பர் எல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு. அப்புறம் என்ன?"

என் முகத்தைப் பார்த்துக் கலப்புக் கல்யாணத்தில் பிறந்தவள் என்று நினைத்திருப்பாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

"நான் எடுத்து வளத்த புள்ளைம்மா" என்றேன். "சீனப் புள்ளை."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெண்ணாகப் பெற்றுக்கொண்டிருந்த சீனக் குடும்பங்களும், பிள்ளையே இல்லாத தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களும் அக்கம்பக்கத்தில் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையை எடுத்து மடியில் போட்டால் வயிறு தன்னால் திறக்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சொன்னார்கள். பக்கத்துக் கிராமமான சீனக் கம்பத்தில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த என்னை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். இனி இந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பது மட்டும்தான் பேச்சு. அம்மாவும் போகவில்லை.

லயத்தில் எல்லாத் தாய்மாரும் கோபம் வந்தால் பிள்ளைகளிடம் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன்டி" என்று சொல்லி அழவைப்பார்கள். என் அம்மா அந்தப் பேச்சை எங்கள் வீட்டு வாசலுக்கே விட்டதில்லை. நான் அவர் கையால் அடி வாங்கியிருக்கிறேன், விறகுக் கட்டையால்கூட வாங்கியிருக்கிறேன். தவிடு என்ற சொல் மட்டும் வந்ததே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்த தப்பு இதுதான். சட்டப்படி தத்து எடுக்கவேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் பிள்ளையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அப்பா தோட்டத்து ஆபீஸில் எழுதுகிற கிராணியைப் பிடித்து, வீட்டிலேயே பிறந்த சொந்தப் பிள்ளை என்று என்னை அவசர அவசரமாகப் பதிந்துவிட்டார். ஊரே பார்க்கச் சீன முகத்தோடு இருந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர், தமிழ் அப்பா, தமிழ் அம்மா. ஒரு எழுத்துப் பிசகு இல்லாத பத்திரம்.

பல வருஷம் கழித்து அம்மாவின் வயிறும் திறந்தது. தம்பி பிறந்தான். அப்பாவை அப்படியே உரித்து வைத்த கறுப்பு, அதே காது. இவனைப் பதிய யாரும் ஓடவில்லை. என்னைத்தான் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள் என்று பயந்தார்கள். பெற்ற பிள்ளையை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அடுத்த மாதம் போகலாம், சம்பளம் போட்டதும் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதற்குள் அப்பா நெஞ்சு நோயில் விழுந்தார், எழவில்லை. கிராணியும் மாறிப் போனார். பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். தம்பிக்குப் பன்னிரண்டு வயதாகி ஐசி எடுக்கப் போனபோதுதான் அம்மாவுக்கு விஷயமே புரிந்தது. அன்றிலிருந்து சாகும்வரை அவர் ஏறாத கவுண்டர் இல்லை.

அம்மா பால் வெட்டப் போகும்போது தம்பியை இடுப்பில் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனவள் நான். ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் கடித்துக் கொடுத்த பிஸ்கட்டைத்தான் தின்பான், முழுசாகக் கொடுத்தால் தூக்கி எறிவான். என் எச்சிலில் வளர்ந்தவன். சோதனைக்கு என்ன வேண்டும் என்று வக்கீல் பெண்ணிடம் கேட்டேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எச்சில் எடுப்பார்களாம்.

"நீங்க குடுக்க வேணாம் ஆன்ட்டி. குடுத்தா அங்கிளுக்கும் ஒத்துப்போகாது. உங்க பேப்பரையும் தோண்டுவாங்க. ரெண்டு பேருக்கும் பிரச்சனை."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் சொன்ன அந்த டிஎன்ஏ கிடங்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒன்று இருந்திருந்தால் தம்பி இந்நேரம் இரண்டு காலையும் வீசி நடந்துகொண்டிருப்பான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவனுக்காக நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று கையெழுத்துப் போடவும் தயார். ஆனால் அதே கிடங்கு என்னைப் பார்த்து, இவள் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்றும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். அம்மா பயந்து பயந்து எனக்குக் கட்டிக் கொடுத்த வீடு ஒரு சொட்டு எச்சிலில் இடிந்துவிடும். இடித்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பார்கள்? ஈப்போ பாசாரில் தௌகே முளைப்பயறு விற்கிற ஒரு கிழவிக்கு என் மூக்குதான் இருக்கிறது. நான் அவரிடம் தௌகே வாங்குகிறேன், மிச்சத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவர் யார் என்று கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற தெம்பு எனக்கு இல்லை. அரசாங்கத்துக்கு அது தெரிந்து என்ன ஆகவேண்டும்?

தம்பி அதையெல்லாம் யோசிக்கவில்லை. "விடுக்கா. ஐசி இல்லாமலே இவ்ளோ நாள் ஓடிருச்சி. நீ மாட்டிக்காதே" என்றான். பெரிய தியாகி. காலில் ஈ உட்கார்ந்திருந்தது, அதை விரட்டக்கூட அவனுக்குக் குனிய முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொரு வழி இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை ஹுத்தான் மெலிந்தாங்கில் மகனோடு இருந்தார். பெரியம்மா சின்னம்மா டிஎன்ஏவிலும் பார்க்கலாம் என்று வக்கீல் பெண் சொன்னாள். அங்கே யார் போய்க் கேட்பது என்பதுதான் சிக்கல்.

சின்னம்மாவுக்கு வரிசையாகப் பெண்கள். அம்மாவுக்குப் பிள்ளை இல்லாதபோது, நாலாவது பெண்ணை நீ வைத்துக்கொள் என்று சின்னம்மா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. சொந்தத்தில் எடுத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வந்து பிள்ளையைக் கேட்பார்கள் என்று பயம். சீனக் கம்பத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். அடுத்த மாதமே என்னை எடுத்தார். அந்தப் பெண் பிள்ளை இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு சின்னம்மா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவின் சாவுக்கு வந்தவர் என்னைத் தாண்டிப் போய்த் தம்பியை மட்டும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

அவரிடம்தான் நான் போகவேண்டியிருந்தது. தம்பியால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. தெலுக் இந்தானில் பஸ் மாறி, ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சின்னம்மா வீட்டு முன்னால் சாக்கை விரித்து, தென்னை ஓலையில் ஈக்குச்சி சீவிக்கொண்டிருந்தார். நான் நின்று சொன்னேன். கால் புண்ணைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பஞ்சுக் குச்சியையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தவே இல்லை.

"ரத்தம் வேணும்னு இப்பதான் தெரிஞ்சிச்சா உங்களுக்கு?"

"ஆமா சின்னம்மா."

"அன்னைக்கு எம்புள்ளைய எடுத்திருந்தா அது பொழச்சிருக்கும். இன்னைக்கு அவனுக்கு ஒரு அக்காவும் இருந்திருப்பா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் இருக்கிற இடம் அந்தப் பிள்ளையின் இடம். சண்டை போடவும் அலுப்பாக இருந்தது. ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தேன். அவர் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கால எடுத்துருவாங்களாமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"என்னைக்கு வரணும்னு சொல்லு. மவன கூட்டிட்டு வரச் சொல்றேன். நீ போ, பஸ் போயிரும்."

சொன்ன நாளில் வந்தார். வெளுத்த சேலை, காதில் தோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தம்பியின் காலைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. மலாய்க்காரத் தாதி ஒருவர் இருந்தார். முதலில் தம்பி வாயைத் திறந்தான். பிறகு சின்னம்மா, ஏதோ மாத்திரை விழுங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

தாதி குச்சிகளை உறையில் போட்டுக்கொண்டே காகிதத்தைப் புரட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். இவருக்கு ஒரு அக்கா இருப்பதாக இருக்கிறதே, அது நீங்களா, கூடப்பிறந்தவர் என்றால் இன்னும் நெருக்கம் ஆயிற்றே, நீங்களும் ஏன் கொடுக்கக்கூடாது என்று மலாயில் கேட்டார். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. உதவுகிற குரல்தான். அந்தக் குரலுக்கு எதிராகத்தான் பொய் சொல்ல வராது. தம்பி காலை மடக்கி எழுந்திருக்கப் பார்த்தான்.

சின்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இவளுக்கு எதுக்கு? இவ என் அக்கா மவ. முகத்தப் பாத்தாலே தெரியுதுலா."

இதைத் தமிழில் சொல்லிவிட்டு, தாதிக்காக மலாயிலும் ஒருமுறை சொன்னார்.

தாதி என் முகத்தைப் பார்த்தார். சின்னம்மாவின் கரிக்கட்டை முகத்தைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து உறையை ஒட்டினார்.

வெளியே வந்து சின்னம்மா மகனின் கார் நிற்கிற இடத்துக்கு நடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் கவுண்டர் கவுண்டராக அலைந்ததில் ஒரு தடவைகூட அழாதவள், நட்டநடுப் பகலில், கார்களுக்கு நடுவில் நின்று அழுதேன். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதற்குப் பிறகு மனு, நேர்காணல், அதற்குப் பிறகு மேலிடம். தம்பியின் கால் அதுவரை காத்திருக்குமா என்று யாரும் சொல்லவில்லை.

சின்னம்மா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்காகச் சொல்லல. அவனுக்காகச் சொன்னேன்."

"தெரியும் சின்னம்மா."

பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். நான் மூக்கைச் சிந்தினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அக்காவும் இப்படித்தான்" என்றார். "அழுதா மூக்குதான் முதல்ல சத்தம் போடும்."