மூக்கருக்குத் தெரியாமல் ஓடிய வண்டி

டாக்சி ஸ்டாண்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. ஆனால் ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்றால் போதும், மூக்கை ஒரு சுழி சுழித்து, "கிளட்ச் கருகுது", "உள்ள எங்கயோ வயர் உருகுது" என்று சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். தப்பிப் போனவற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அந்த மூக்கர்தான் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஸ்டாண்டிலேயே முதல் எதிரி. ஊரில் பங்க்குக்குப் பங்க் பச்சைக் குழாய் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தானியத்திலிருந்தும் சோளத் தட்டையிலிருந்தும் காய்ச்சியெடுத்த எரிசாராயத்தைப் பெட்ரோலோடு கலந்து, அந்தக் குழாயில் விலையைக் கொஞ்சம் குறைத்து விற்றார்கள்.

"வண்டிக்குச் சாராயம் ஊத்தினா அது எப்படிப்பா நேரா போகும்?" என்பார் மூக்கர். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய சொற்பொழிவு ஆரம்பித்துவிடும்.

கேலியாகப் பேசினாலும் உள்ளே ஆறாத புண் ஒன்று இருந்தது. முன்பு அவரிடம் ஒரு கிழட்டு வண்டி இருந்தது. கிழடுதான், ஆனால் ஒரு நாளும் காலை வாரியதில்லை. அவர் மனைவியின் அண்ணனுக்கு ஊருக்கு வெளியே எத்தனால் ஆலையில் எடைமேடை வேலை. ஊருக்கு முதல் பச்சைக் குழாய் வந்தபோது மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளை, எங்க ஆலைச் சரக்கு! ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. மூக்கரும் போட்டார். சில வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஒரு நாள் காலை, பரீட்சைக்குப் போகும் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேல் போகையில், வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. முன்னும் பின்னும் நெரிசல். மூக்கர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அந்தப் பெண் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாலத்தின் ஓரமாக ஓட ஆரம்பித்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா, உள்ளே விட்டார்களா என்று மூக்கருக்கு இன்றுவரை தெரியாது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ரப்பர் குழாய்கள் ஊறி உப்பியிருந்தன. டாங்க்கின் அடியில் காலங்காலமாகப் படிந்து கிடந்த துருவும் கசடும் பெயர்ந்து வந்து வடிகட்டியை அடைத்திருந்தன. அன்று மாலையே மூக்கர் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்க, "உங்க சாராயத்தை நீங்களே குடிங்க!" என்று கத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மச்சான் தங்கை வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் மூக்கரின் மனைவிதான். அண்ணன் பேச்சை எடுத்தால் புருஷன் முகம் கடுகடுக்கும். புருஷன் பேச்சை எடுத்தால் அண்ணன் போனை வைத்துவிடுவார்.

கிழட்டு வண்டி போனது. இன்னொருவர் ஓட்டிப் பழகிய, ஆனால் புது மாதிரி வண்டி ஒன்று வந்தது. வீட்டிலும் ஒரு மாற்றம். பிள்ளைகள் தலையெடுத்து வெளியூர் போன பிறகு, மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்சும் வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸ்கள், ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் என்று காலைச் சவாரி முழுவதும் அவளுடையது. மதியத்துக்கு மேல் அவர். டாங்க்கை நிரப்பி ஒப்படைப்பது அவள் பொறுப்பு. கழுவித் துடைப்பது அவர் பொறுப்பு.

புது வண்டி முனகாமல் ஓடியது. மூக்கருக்குப் பெருமை பிடிபடவில்லை. "காரணம் என்ன தெரியுமா? சுத்தமான பெட்ரோல். நம்ம வீட்டுல கலப்படத்துக்கே இடமில்ல" என்று ஸ்டாண்டில் மார்தட்டுவார். ஒரே ஒரு குறைதான். டாங்க் அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் சீக்கிரமே காலியானது.

"உனக்குக் கால் கனம். ஆக்சிலேட்டரை மிதிக்காத, சும்மா தடவு" என்பார் மனைவியிடம்.

"சரிங்க, தடவறேன்" என்பாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இப்படியே போயிருக்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்ததால் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலைச் சவாரிக்கு மூக்கரே கிளம்பினார். பெட்ரோல் அளவு காட்டும் முள் கீழே கிடந்தது. அவள் வழக்கமாகப் போகும் பங்க்கிலேயே வண்டியை நிறுத்தினார். பெட்ரோல் போடும் பெண் ஓடி வந்தாள்.

"அண்ணே, அக்கா வரலையா?"

"காய்ச்சல்மா."

"அடடா, பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவள் மூடியைத் திறந்து, பச்சைக் குழாயை எடுத்துச் செருகப் போனாள். மூக்கர் பாய்ந்து இறங்கினார்.

"ஏய், ஏய்! நிறுத்தும்மா! இது என் வண்டி!"

"தெரியும்ணே. அக்கா எப்பவும் இதைத்தானே போடுவாங்க. வண்டி வாங்கின நாள்லேர்ந்து." அவள் மூடியின் உள்பக்கத்தைக் காட்டினாள். "பாருங்க, இந்தக் கலவை போடலாம்னு செஞ்சவங்களே ஒட்டி அனுப்பியிருக்காங்க. முதல் நாளே அக்கா இதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடச் சொன்னாங்க."

மூக்கர் குனிந்து பார்த்தார். ஒட்டியிருந்தது. வாரம் தவறாமல் வண்டியைக் கழுவுகிறவர், அந்த மூடியை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அதைவிடப் பெரிய அடி, இத்தனை காலமும் அவர் மூக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிசாராயக் கலவை கொஞ்சம் சீக்கிரம் தீரும்; டாங்க் காலியானதற்குக் காரணம் மனைவியின் கால் கனம் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பின்னால் வரிசையில் நின்ற வண்டியில் யாரோ சட்டென்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிவது தெரிந்தது. ஸ்டாண்டில் ஒட்டகம் என்று பெயரெடுத்த நெட்டை டிரைவர் அவர். அந்த உயரத்துக்குக் குனிந்தால் மட்டும் மறைந்துவிட முடியுமா?

"நீயுமாப்பா?" என்றார் மூக்கர்.

ஒட்டகம் அசட்டுச் சிரிப்போடு நிமிர்ந்தார். "நம்ம ஸ்டாண்டுல பாதிப் பேர் இதாண்ணே போடறோம். உங்ககிட்ட சொன்னா அரை நாள் பிரசங்கம் கேக்கணுமேன்னுதான்..."

மூக்கர் சவாரியை விட்டுவிட்டு நேராக வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே வந்தவர், மனைவியின் வாடிய முகத்தைப் பார்த்ததும் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

"பங்க்குக்குப் போனேன்" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வண்டி நின்னுச்சா?"

"இல்ல."

"இத்தனை காலத்துல ஒரு தடவையாவது?"

"அது இல்ல பேச்சு. என்கிட்ட மறைச்சியே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" அவள் மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டாள். "அண்ணன் ஆலை நடுவுல மூடிக் கிடந்துச்சு, தெரியுமா உங்களுக்கு? சரக்கை வாங்க ஆளில்லாம. எல்லா பங்க்குலயும் இது வந்தப்புறம்தான் திரும்பத் திறந்தாங்க, அண்ணனையும் கூப்பிட்டாங்க. நான் ஒரு டாங்க் போடறதாலயா ஆலை ஓடப்போகுது? இல்லதான். ஆனா வாசப்படி ஏறிப் போய்ப் பேச முடியாத அண்ணனுக்கு, என்னால ஆனது இதுன்னு தோணுச்சு. மறைச்சது தப்புதான். அதுக்கு வேணும்னா திட்டுங்க."

மூக்கர் திட்டவில்லை. நழுவிய போர்வையை இழுத்து அவளுக்கு மூடிவிட்டார்.

"எனக்கு உங்க அண்ணன் மேல கூட அவ்வளவு கோபம் இல்ல" என்றார். "அந்தப் பொண்ணு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினாளே... பாலத்துல ஏறும்போதெல்லாம் அவ முதுகுதான் தெரியுது. யார் மேலயாவது பழியைப் போட்டாத்தான் வண்டி ஓட்ட முடியும்போல இருந்துச்சு."

இதை அவர் அதற்குமுன் சொன்னதே இல்லை. அவள் கையை நீட்டி அவர் கைமேல் வைத்தாள். கை சுட்டது.

காய்ச்சல் இறங்கிய அன்று மதியம், மூக்கர் அவளிடம்கூடச் சொல்லாமல் ஆலைக்கு வண்டியை விட்டார். சாராயக்கடை வாடையை எதிர்பார்த்துப் போனவரை, புளித்த மாவு வாசனை வரவேற்றது. தட்டைக் கட்டுகளையும் உடைந்த தானியத்தையும் ஏற்றிய லாரிகள் வாசலில் தொடங்கி சாலை வளைவு வரை நின்றன. எடைமேடை அறையின் கண்ணாடிக்குப் பின்னால் மச்சான் தெரிந்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. மூக்கரைக் கண்டதும் பதறிப்போய் வெளியே ஓடி வந்தார்.

"தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையே?"

"காய்ச்சல்தான். இறங்கிடுச்சு."

மச்சான் மூச்சு விட்டார். பிறகு அவர் பார்வை வண்டிமேல் போனது. "வண்டி எங்கயாவது நின்னுடுச்சா?" என்றார் தயங்கித் தயங்கி.

"நிக்கல மச்சான். வாங்கின நாள்லேர்ந்து உங்க சரக்குலதான் ஓடுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மச்சான் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "அன்னிக்கு உங்க வண்டி எந்தக் காலத்து வண்டின்னுகூட நான் கேக்கல மாப்பிள்ளை. புதுசா ஒண்ணு வந்துட்ட குஷி, கண்ணை மறைச்சிருச்சு."

"நானும்தான் கேக்கல. உங்க வாசல்ல நின்னு கத்தினேனே, அதுக்கு என்ன சொல்றது."

"விடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கேக்கலைன்னாரு. அவருக்குக் காது மந்தம்."

மூக்கர் சிரித்துவிட்டார். மச்சான் அவரை உள்ளே இழுத்துக்கொண்டுபோய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டாண்டில் பிரசங்கம் நின்றுவிடவில்லை, விஷயம்தான் மாறியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பச்சைக் குழாய்ப் பக்கம் போவதாகத் தெரிந்தால் மூக்கர் வழிமறித்து, "முதல்ல மூடியைத் திறந்து படி, போடலாம்னு இருந்தா மட்டும் போடு" என்பார். ஒட்டகம் கொட்டாவி விடுவார். "முந்தின பிரசங்கமே தேவலைண்ணே, அதுலயாவது சிரிப்பு வரும்."

அடுத்த விடுமுறை நாளில் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் மலைப் பக்கம் கிளம்பின. ஒரு காலத்தில் அந்த வழியில் பச்சைக் குழாயைத் தேடினாலும் கிடைக்காது. இப்போது அடிவாரத்திலேயே ஒன்று திறந்திருந்தார்கள். மூக்கரின் மனைவிதான் ஓட்டினாள். மூக்கர் முதல் முறையாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் மச்சான் தன் மனைவியின் முறைப்பைப் பொருட்படுத்தாமல், ஆலையில் புதிதாக எழும்பும், எரிசாராயம் காய்ச்சும் கோபுரத்தைப் பற்றி ஆரம்பித்தார். எவ்வளவு உயரம், எத்தனை பேருக்கு வேலை என்று மூக்கர் திரும்பித் திரும்பிக் கேட்டார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் வண்டி பாதி மலை ஏறியிருந்தது.