எந்த ஊட்டுப் பொண்ணு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டெனிஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஹூ இஸ் யுவர் மாப்?" டெனிஸ் அந்த மண்ணின் பழங்குடிப் பெண், என் வயதுக்காரி. பல்கலைக்கழகத்தின் கிராமப்புற சுகாதார ஆய்வுப் பிரிவில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்ப்பவள். தரை துடைக்கிற மாப்பைக் கேட்கிறாள் என்று நினைத்து, "இன்னும் வாங்கவில்லை, சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்" என்றேன். மேசையைத் தட்டிச் சிரித்தாள். மாப் என்றால் அங்கே சொந்தபந்தம். உன் ஆட்கள் யார், எந்த மண், யார் வயிற்றில் பிறந்தவள் என்று கேட்டிருக்கிறாள். அவர்களோடு உட்கார்ந்து பேச வருகிற எவரும், நோயைப் பற்றி வாயைத் திறக்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம் இதுதான் என்று கருத்தரங்குகளில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அதை ஊருக்குக் கொண்டுவந்து நான் செய்த கூத்தை, பெட்டியில் ஏதோ நல்லதை அடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிற எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

இந்த முறை நான் வந்தது விடுமுறைக்கு அல்ல. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஓர் இருளர் குடியிருப்பில், மூச்சு சம்பந்தமான நோய்களைப் பற்றி ஆய்வு. எங்கள் ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். அப்பாவுக்கு நெல் வயலும் சவுக்குத் தோப்பும் இருந்தன. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. துணைக்கு ஸ்டெல்லா என்ற உள்ளூர்க் களப்பணியாளர். அவள் அம்மா எங்கள் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர். ஸ்டெல்லா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு, ஷிப்டு ஒத்துவராமல் இந்த வேலைக்கு வந்தவள். முதல் வீடு கன்னியம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, ஆய்வுப் படிவத்தில் நானே முதலில் எழுதிவைத்த விதிப்படி, என் பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அப்பா பேரையும் பெருமையாகச் சொன்னேன்.

"பெரியூட்டுப் பொண்ணா?" என்று முறத்தை வைத்துவிட்டு எழுந்தவர், கடைசிவரை உட்காரவே இல்லை.

இருமல் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. நல்லாக் கீறோம்." காய்ச்சல்? "இல்லம்மா. நல்லாக் கீறோம்." அன்றைக்குப் போன எல்லா வீடுகளிலும் இதே பதில். பெரியூட்டுப் பொண்ணு வந்துகீது என்ற சேதி எனக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் படிவங்களைப் புரட்டினால், நோய்நொடியே இல்லாத ஒரு குடியிருப்பு. லாரிகள் கிளப்புகிற புழுதியில், ஓட்டைக் கூரைக்குக் கீழே, இவ்வளவு ஆரோக்கியமான ஜனங்களை எந்த நாட்டிலும் பார்க்க முடியாது. ஸ்டெல்லா வண்டியைக் கிளப்பும்போது கன்னியம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. நீளமான இருமல். வெகுநேரமாக அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும்.

"உங்க நைனா பேர சொன்னீங்க பாருங்க மேடம், அதோட முடிஞ்சிச்சு" என்றாள் ஸ்டெல்லா. "அந்தம்மா ஊட்டுக்காரரு உங்க தோப்புலதான் காவலு இருந்தாரு. இருமிக்கினே கீறாருன்னு அனுப்சி உட்டாங்களாம். உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியாது. ஆனால் தோப்புக்குள் இருந்த காவல்காரர் குடிசை எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயதில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தபோது அது காலியாகக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று கேட்டேன். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, "அதுங்க ஒரு எடத்துல நிக்காதுங்க" என்றார். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலில் அதையே எழுதினேன். இடம்விட்டு இடம் நகரும் இயல்புடைய மக்கள், ஆகவே தொடர் சிகிச்சை கடினம் என்று நல்ல இங்கிலீஷில். வழிகாட்டி பக்க ஓரத்தில் பாராட்டுக்கூட எழுதினார். அந்த ஏட்டைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. விரட்டியவர் சொன்ன சாக்கை ஆராய்ச்சி முடிவாக்கி, அதில் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை எந்தப் பத்தியிலும் அடக்க முடியாது.

அறிமுகத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அதுதான் இந்த ஆய்வின் சிறப்பு, நெறிமுறைக் குழு தனியாகப் பாராட்டிய பகுதி, மாற்றுவதானால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. எரிச்சலோடு டெனிஸைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினேன். நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தேன், யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்றேன்.

"நீ யாரென்று சொல்லச் சொன்னது எதற்கு? உன்னோடு பேசலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுப்பதற்கு" என்றாள். "முடிவெடுத்துவிட்டார்கள். இதில் உனக்கு என்ன குறை?"

அன்றிரவே முதலிலிருந்து விண்ணப்பித்தேன். அதற்கு அனுமதி வருகிற வரைக்கும் படிவம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த இருமலை அப்படி விட முடியாது. ஆய்வு கீய்வு ஒன்றும் வேண்டாம், காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு மட்டும் நீ தனியாகப் போய்க் கூப்பிடு என்று ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டு, தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கின, ஏற்றின. கடைக்காரர் என்னிடம், "இன்டர்வியூவா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவள் திரும்பிவர இரண்டு மணி நேரமானது. "நெறைய பேசுனாங்க மேடம்" என்றாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "அத்த உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க." பத்து நாள் கழித்து, "ஒருத்தருக்கு வந்துகீது. ஆஸ்பத்திரில மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பேரு மட்டும் கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அதே டீக்கடைக்குப் போயிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமிருந்து கன்னியம்மா நடந்து வந்தார். கையில் மாத்திரை அட்டை. என்னைப் பார்த்ததும் அதை மடியில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டார். நான் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் அவரைப் பார்த்தேன்.

"நல்லாக் கீறீங்களாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன். நீங்க?"

"எனக்கின்னாம்மா. நல்லாக் கீறேன்." பிறகு, "ஊருக்கு எப்போ போறீங்க?" என்று கேட்டார். என் ஊர் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அவர் கேட்டது அந்த ஊரை இல்லை.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. "சரிம்மா, பத்திரமா போங்க" என்று சொல்லிவிட்டு, வாயை முந்தானையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு வேகமாக ரோட்டைத் தாண்டினார். அந்தப் பக்கம் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போன பிறகுதான் இருமினார்.