ஸ்தோத்திரத்துக்குக் காரணம் கேட்ட ரூபி அக்கா

கேத்தியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் கேரட் கழுவும் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. போன செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எட்வின் அண்ணனின் போன் வந்தது. எடுத்ததும் வழக்கம்போல "ஸ்தோத்திரம்ங்கண்ணா" என்றேன். அவர் ஏதோ சொன்னார். அதில் "ரூபி" என்ற பெயர் மட்டும் கேட்டது. கோயமுத்தூரில் டயாலிசிஸ் முடிந்து அக்கா நல்லபடியாக மலைக்குத் திரும்பிவிட்டார், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக "ஸ்தோத்திரம்ங்கண்ணா, ஸ்தோத்திரம்" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஏதோ சரியில்லை என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். "சுகந்தி, ரூபி போயிட்டாம்மா" என்று அண்ணன் இரண்டாம் தடவை சொன்னார்.

மனைவி இறந்த செய்தியைச் சொன்னவருக்கு நான் கொடுத்த பதில் அது. அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் ரோட்டோரத்தில் நின்று அழுதேன். அழுகைக்கு நடுவிலும் ஒன்று தோன்றியது. அண்ணன் பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்துவிட்டார். ரூபி அக்காவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். "எதுக்குங்க?" என்று கேட்டிருப்பார்.

நம் சபையில் அந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் யாராவது உண்டா? கோயில் வாசலில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்வது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி. வணக்கத்துக்கும் அதுதான், விடைபெறவும் அதுதான், என்ன பேசுவது என்று தெரியாத இடத்திலும் அதுதான். அக்காவிடம் மட்டும் அது செல்லாது. "ஸ்தோத்திரம்ங்க அக்கா" என்றால், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவராக, "எதுக்குங்க?" என்பார். கேலி இருக்காது. பதில் வரும்வரை நின்று காத்திருப்பார். அதனாலேயே பலர் அக்காவைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போனார்கள். போதகர் ஐயாவோ ஆராதனை முடிந்து கைகுலுக்க வரும்போதே ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருப்பார். "மழை விட்டுதுங்களே அக்கா, அதுக்கு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபோது, "மழை நின்னா தேயிலைக்கு ஆகாதுங்களே ஐயா" என்று அக்கா வருத்தமாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஐயா வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

அக்காவும் நானும் எஸ்டேட் ஆபீசில் பல வருடம் அடுத்தடுத்த மேஜையில் இருந்தவர்கள். அவர் சம்பளப் பட்டியல், நான் டைப்பிங். அவர் கேட்பதைத் திருப்பி அவரிடமே கேட்பது எனக்கு ஒரு விளையாட்டு. அவர் ஒருபோதும் "எல்லாத்துக்கும்" என்று சொன்னதில்லை. "மொத்தமாச் சொல்றது மொத்த வியாபாரம் கண்ணு. நமக்கு அது கட்டாது. சில்லறையாத்தான் சொல்லோணும்" என்பார். சில்லறை என்றால் அப்படி ஒரு சில்லறை. சின்ன பஸ் லவ்டேல் வளைவில் முக்கி நின்றுவிடாமல் திரும்பியதற்கு. டிபன் டப்பா மூடி கழன்றும் குழம்பு கொட்டாததற்கு. ஒரு நாள், துரை என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் மேனேஜர் அன்று லீவில் இருந்ததற்கு. எதைச் சொல்வார் என்று காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே எனக்கு ஆவலாக இருக்கும். இது பக்தியா, இல்லை நம்மைச் சிரிக்க வைக்கும் குறும்பா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எட்வின் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டேன். "ஊட்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்க. ஊட்டுல முணுமுணுப்புதான்" என்றார். அந்தப் பதில் என் சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது.

எஸ்டேட் கைமாறப் போகிறது என்ற பேச்சு வந்தபோது அந்த விளையாட்டு நின்றுபோனது. புது முதலாளி ஆபீஸ் ஆட்களில் சிலரை மட்டும் வைத்துக்கொள்வார், மற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வேலையையும் அந்த வீட்டையும் விட்டால் வேறு கதியில்லை. கணவர் இல்லை. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சபையில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை நிலைச்சாச்சுன்னு விசுவாசிச்சு இப்பவே ஸ்தோத்திரம் சொல்லு சுகந்தி" என்றார்கள். நானும் சொன்னேன். ராத்திரி பகல் பாராமல் சொன்னேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "வராத பஸ்ஸுக்கு எதுக்குக் கண்ணு கை காட்டற? வேணும்னா வேணும்னு கேளு. பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லு. அதுக்கெல்லாம் ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கென்ன, கணவரின் பென்ஷன் இருக்கிறது, பேசுவார் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்கு வேலை நிலைத்தது. எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம், எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்த செல்வராஜ் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். போகாமல் இருந்தால் அதையும் பேசுவார்கள் என்று போனேன். நம் வழக்கப்படி ஒவ்வொருவரும் அந்த வாரத்து நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். செல்வராஜ் அண்ணனுக்கும் வேலை நிலைத்திருந்தது. நல்ல மனிதர், மனதில் கள்ளமில்லாதவர். கண்ணை மூடிக்கொண்டு, குரல் தழுதழுக்க, "இந்தக் கஷ்டத்துலயும் எங்களைக் கைவிடாமக் காத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"எதுக்குங்க?" என்றார் ரூபி அக்கா.

"வேலை நிலைச்சதுக்குத்தானுங்க அக்கா" என்றார் அவர், கண்ணைத் திறந்து.

"அப்பச் சுகந்தியைக் கைவிட்டுட்டாருங்களா?"

செல்வராஜ் அண்ணனின் மனைவி எழுந்து, கூட்டம் முடியும் முன்பே டீ போடப் போய்விட்டார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. என்னை ஏன் இதில் இழுத்தார் என்று அக்காமேல் அப்படி ஓர் ஆத்திரம். அந்த நேரம் பார்த்து முறை அக்காவுக்கு வந்தது. சின்னச் சின்னதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லியே பேர் வாங்கியவருக்கு அன்று எவ்வளவு பெரிய காரணம் கிடைத்திருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அக்கா, "இன்னைக்கு எனக்கு ஒண்ணும் வரலீங்க. அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பாயில் நகர்ந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். என் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான் அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் அழுதேன்.

அடுத்த வாரம் முழுவதும் அக்கா ஆபீஸ் விட்டதும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை என்னைக் கேத்திக்கு அழைத்துப் போனபோதுதான் எனக்கு வீடு தேடி அலைந்திருக்கிறார் என்று தெரிந்தது. படுகர் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும். வாடகை கட்டுப்படியாகும். நான் மேலே பார்த்தேன்.

"கூரை ஒழுகும் போல இருக்குதுக்கா."

"ஒழுகும். கேட்டுட்டேன்" என்றார். "அப்பக் கூரைக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னலுக்குச் சொல்லலாமான்னு பாரு."

ஜன்னலுக்கு வெளியே கேரட் பாத்திகள் பள்ளத்தாக்கு முழுக்க இறங்கிப் போயின. மகள் மேஜை போட்டுப் படிக்க வெளிச்சம் போதும். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜன்னலுக்குச் சொல்லலாங்க்கா" என்றேன். மறுநாள் கூட்டத்தில் அக்கா, "சுகந்திக்கு ஜன்னல் கிடைச்சதுக்கும் எனக்கு வேலை நிலைச்சதுக்கும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியவர் செல்வராஜ் அண்ணன்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக அக்காவைப் பார்த்தது இறப்பதற்குச் சில நாள் முன்னால். கை முழுக்க ஊசித் தழும்பு. முகம் உப்பியிருந்தது. நானே கேட்டேன், "இதுல எதுக்குக்கா ஸ்தோத்திரம் சொல்லுவீங்க?"

"நோவுக்குச் சொல்ல மாட்டேன். அது நல்லதில்ல, அதை எதுக்கு நல்லதுன்னு சொல்றது?" என்றார். பிறகு யோசித்தார். அந்த நிலையிலும் அவருக்கு யோசிக்கப் பிடித்திருந்தது. "கோயமுத்தூருல இருந்து திரும்பி வர்றப்ப, மலைப்பாதையில பர்லியார் தாண்டினதும் குளுகுளுன்னு காத்து மூஞ்சியில அடிக்குது பாரு. அதுக்குச் சொல்லுவேன்."

"பயமா இருக்குதுங்களாக்கா?"

"இருக்குது கண்ணு. ஏன் இல்லாம?"

அடக்கத்தன்று போதகர் ஐயா நம்மிடம் அக்காவுடைய வாழ்க்கைக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். நீங்கள் பலரும் நன்றாகப் பேசினீர்கள். என் முறை வந்தபோது எழுந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை நம் சபைப் பத்திரிகையில் இங்கே எழுதுகிறேன். வேலை போனதற்கு நான் இன்றுவரை ஸ்தோத்திரம் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. அக்கா போனதற்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன், வாய் திறந்து பாடுகிறேன், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அது அக்கா எனக்கு விட்டுப்போனது. வேலை நிலைத்த ஒருத்தி, வேலை போன ஒருத்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நியாயமாகச் சொல்லியிருக்கக்கூடிய தன் ஸ்தோத்திரத்தை ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்தாரே, ஆண்டவரே, அதற்கு ஸ்தோத்திரம்.