அத்தை ஏறாத வண்டி

எங்கள் தெருவுக்குள் நூற்றியெட்டு வண்டி நுழைந்தால், ஏறப்போவது ஆணா பெண்ணா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆண் என்றால் நெஞ்சுவலியோ, பாம்புக்கடியோ, பைக்கிலிருந்து விழுந்ததோ, எதுவாகவும் இருக்கலாம். பெண் என்றால் பிரசவம். வேறு யோசனையே கிடையாது. எந்த வீட்டு மருமகள், எத்தனையாவது என்று விசாரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனாலும் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

என் அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஒருமுறை அந்த வண்டி வீடு தெரியாமல் அத்தை வாசலில் வந்து நின்றுவிட்டது. "என்னா அண்ணி, சொல்லவே இல்ல? உங்க வூட்டு வாசல்ல நிக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்க, தெருவே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். பிறகு டிரைவருக்குச் சரியான வீட்டைக் காட்டியதும் அவள்தான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் தை மாதத்தில் மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. அத்தை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. "டேய், போன் போடுடா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வது என் பொறுப்பாகியிருந்தது. வண்டி வந்தது. தெருவே பார்க்க, மாமா மாப்பிள்ளை மாதிரி ஏறிப் போனார். வாயுக்கோளாறு என்று மாத்திரை கொடுத்துச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு அவர் தனக்கு ஹார்ட் அட்டாக் வந்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உளுந்து பிடுங்கப் போயிருந்தார்கள். அத்தை வீட்டுக்கு டிவி பார்க்கப் போனவன், அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தாடை ஏண்டா இப்படி இழுக்குது?" என்றாள்.

மாமாவின் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்து நம்பரை அழுத்தப் போனேன். அவ்வளவு வலியிலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்றும் நினைவிருக்கிறது.

"வெச்சிடு. எனக்கு எதுக்குடா அந்த வண்டி?"

"மாமாவுக்கு வந்துச்சுல்ல?"

"அவுரு ஆம்பள. நான் அதுல ஏறுனா தெருவுல என்னா பேசுவாங்க தெரியுமா?"

"அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு பேசுவாங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, பேசுவாங்க" என்றாள். "போயி ஒரு துண்டு எடுத்துக்கிட்டு வா. பஸ்ஸுல போட்டு எடம் புடிக்கணும்."

புடவை மாற்றிக்கொண்டாள். உலையை இறக்கி மூடி வைத்தாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் இரண்டு தடவை செருப்பைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்தாள். "எங்க அண்ணி, காலையிலயே?" என்று கேட்டவளிடம், "சிதம்பரம் வரைக்கும். துணி எடுக்கணும்" என்றாள், சிரித்த முகமாக.

டவுன் பஸ் நிரம்பி வந்தது. அது நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன். உட்காரப் பார்த்த ஒரு பெரியவரோடு சண்டை போட்டு அத்தையை உட்காரவைத்தேன். வழி நெடுக அவள் முன்கம்பியில் தலையைக் கவிழ்த்திருந்தாள். "எந்த ஊருடா?" என்று கேட்கும்போதெல்லாம் பலகையைப் படித்துச் சொன்னேன். எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி காகிதத்தைப் பார்த்த இளம் டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ஏழு மணி இருக்கும்" என்றாள் அத்தை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். "எதுல வந்தீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "பஸ்ஸுல சார். கூட்டம் ஜாஸ்தி. ஆனா துண்டு போட்டு சீட்டு புடிச்சிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "ஹார்ட் அட்டாக்கோட பஸ்ஸுலயா?" என்று யாரையோ கேட்பதுபோல் சொன்னார். அடுத்த நிமிஷம் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஸ்ட்ரெச்சர் உருண்டது. மாமா ஒரு வாரம் சொல்லித் திரிந்த நோய் அத்தைக்குத்தான் வந்திருக்கிறது. அதோடுதான் உலையை இறக்கினாள், புடவை மாற்றினாள், டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மணி வாக்கில் டாக்டர் வந்து, உயிருக்கு இனிப் பயமில்லை, ஆனால் இதயத்தில் ஒரு பக்கம் பழையபடி வேலை செய்யாது, நேரத்தோடு வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியும் அப்பாவும் மாமாவும் இன்னும் வந்து சேரவில்லை. நர்ஸ் கட்டிலருகில் நின்று விவரம் எழுத ஆரம்பித்தார். பெயர், வயசு, ஊர் என்று அவர் கேட்கக் கேட்க நான் கணீரென்று பதில் சொன்னேன்.

"கொழந்தைங்க எத்தன?"

நான் வாயைத் திறப்பதற்குள், அத்தை மூக்கிலிருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தி, "ஒண்ணு" என்றாள். அவள் விரல்கள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தன. நர்ஸ் எழுதிக்கொண்டார்.

"இல்ல சிஸ்டர்" என்றேன். "நான் அவுங்க தம்பி புள்ள. அவுங்களுக்குக் கொழந்த கெடையாது."

நர்ஸ் அத்தையைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டார். என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. மறுபடியும் நெஞ்சுவலி வந்துவிட்டது என்று பயந்து, நான் டாக்டரைத் தேடி ஓடினேன்.