முத்திரையில் மட்டும் இருக்கும் மாவட்டம்

ஜெர்மனியிலிருந்து லண்டனில் உள்ள மனோர் பார்க்குக்கு வந்த மறுநாளே கவுன்சில் அலுவலகத்துக்குப் போய், "நான் நேற்று வந்துவிட்டேன்" என்று அறிவித்தேன். ஜெர்மனியில் வீடு மாறினால் உடனே போய்ப் பதிய வேண்டும்; பதியாதவர் அங்கே இல்லாதவர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், வரி கட்டவா வீடு கேட்கவா வந்தாய் என்றாள். இரண்டுமில்லை, வந்ததைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தாள். வீட்டில் என் கணவர் சிவா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம். நீர் வந்ததை எனக்குச் சொன்னாக் காணும்."

யாரும் கேட்காத இந்த நகரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் தாதிக் கல்லூரி கேட்டது. ஜெர்மனியில் ஒரு வருடம் படித்து வாங்கிய தாதி உதவியாளர் சான்றிதழை நீட்டியபோது, அதைக் கொடுத்த அலுவலகமே உறுதிக் கடிதம் தர வேண்டும், மாத முடிவுக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு என்றார்கள். இலங்கையில் பரந்தன் வயல்களில் கூலிக்குப் போன குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. சிக்கல் என்னவென்றால், சான்றிதழின் முத்திரையில் இருந்த மாவட்டத்தை நான் லண்டன் வருவதற்குள் கலைத்துவிட்டார்கள்.

"உம்மட கால் பட்ட மாவட்டம் ஒண்டும் உருப்படாது போல" என்றார் சிவா.

"அப்ப லண்டனைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவர் சும்மா சொல்லவில்லை. நான் பிறந்தபோது எங்கள் ஊர் யாழ்ப்பாண மாவட்டம். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. எண்பதுகளில் கிளிநொச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஜெர்மனியில் வதிவிட விண்ணப்பத்தில் நான் கிளிநொச்சி என்று எழுதிவிட்டேன். இப்போது கலைத்துவிட்ட அந்த ஜெர்மன் மாவட்டத்தின் அலுவலகத்தில் இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு அதிகாரி பிரௌ மெல்சர், அதாவது திருமதி மெல்சர், என்னை நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்க வந்த அண்ணை பதறினார். "ஒண்டைச் சொல்லும் தங்கச்சி. இல்லாட்டிப் பொய் எண்டு எழுதிப்போடுவா."

நான் ஒரு தாளில் மாவட்ட எல்லையைக் கோடு போட்டுக் காட்டினேன். "நான் அசையேல்லை அண்ணை, கோடுதான் அசைஞ்சது. அப்பிடியே சொல்லுங்கோ."

பிரௌ மெல்சர் பேனையை வாங்கித் தன் பங்குக்கு ஒரு படம் கீறினார். பேரரசர் காலத்திலிருந்து அங்கே ஒரே பெரிய மாவட்டம். உலகப் போருக்குப் பின் வந்த கிழக்கு ஜெர்மனி அரசு அதை மூன்றாக வெட்டியபோது அவர் தொட்டில் குழந்தை. அவருடைய கிராமம் புதிதாக வந்த சின்ன மாவட்டத்துக்குள் விழுந்தது. தாயார் சாகும்வரை பழைய பெயரையே கடிதங்களில் எழுதினாராம். இப்போது இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, இத்தனை சின்ன மாவட்டங்கள் எதற்கு என்று மறுபடி ஒட்டப்போகிறார்களாம். கார் இலக்கத் தகட்டில் உள்ள மாவட்ட எழுத்துகள் போகப்போகின்றன என்பதில்தான் ஊருக்கு ஆத்திரம். பழைய ஆட்சி போனபோதுகூட இவ்வளவு கோபப்படவில்லை என்று சொல்லிச் சிரித்தபடியே என் தாளில் முத்திரை குத்தினார்.

அந்த நினைவில், கடித உறையில் பழைய மாவட்டத்தின் பெயரை எழுதி, அதன் கீழே "அது இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்ட அலுவலகத்துக்கு" என்று ஜெர்மன் மொழியில் எழுதி அனுப்பினேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பதில் வந்தது. வேறொரு பட்டணத்து முகவரி. கையெழுத்து பிரௌ மெல்சருடையது. அந்த மாவட்டம் கலைக்கப்பட்டது, அதன் கோப்புகள் எங்களிடம் உள்ளன, சான்றிதழ் உண்மையானது என்று இருந்தது. கூட ஒரு துண்டுத் தாள்: "என் காரில் இன்னும் பழைய தகடுதான்."

கல்லூரிப் பெண் ஆங்கில மொழிபெயர்ப்பை இரண்டு தடவை வாசித்தாள். "இந்த இடம் இருக்கிறதா, இல்லையா?"

"இடம் இருக்கிறது. மாவட்டம்தான் இல்லை."

"ஐயோ, போர் நடந்ததா?" என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லை. கூட்டம் வைத்துத் தீர்மானித்தார்கள்."

சண்டை இல்லாமல் அப்படியும் ஒரு எல்லைக் கோட்டை மாற்றலாம் என்று சொன்னபோது எனக்கே புதிதாகக் கேட்டது. அவள் என் பெயருக்கு நேரே சரி போட்டாள்.

வருகிற திங்கள் வகுப்புத் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழையும் ஜெர்மன் சான்றிதழையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் முதுகோடு முதுகு வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றின் முத்திரை மற்றதற்குள் ஊடுருவித் தெரிகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மாவட்டம் நேராகவும் மற்றது இடம்வலம் மாறியும் நிற்கிறது. நடுவில் என் பெயர்.