காமி என்றால் நாங்கள்

லோஷினி, தருண், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களும் படித்தால் படிக்கட்டும். உங்கள் பள்ளி நோட்டைத் திருப்பிப் போட்டால் பின்னட்டையில் ருக்குன் நெகாரா அச்சடித்திருக்கும், இந்த மலேசிய நாட்டின் ஐந்து கோட்பாடுகளும் அதற்கான உறுதிமொழியும். நீங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. தருண் அதிலுள்ள ஆங்கில 'ஏ' எழுத்துகளின் வயிற்றையெல்லாம் நீலப் பேனாவால் அடைத்து வைத்திருக்கிறான். எனக்கு மட்டும் அந்தப் பின்னட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். நான் படித்த புத்தகத்தில் இந்த மாதிரி விஷயங்கள் முன்னால் இருக்கும். முதல் தாளைத் திருப்பியதும் தீண்டாமை பெருங்குற்றம் என்று இருக்கும். குடிமையியல் பாடம் தொடங்கும் இடத்தில் அரசியலமைப்பின் முகவுரை, 'இந்திய மக்களாகிய நாம்' என்று ஆரம்பிக்கும். நான் பத்தாவது வரைதான் படித்தேன். அந்த 'நாம்' மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்கு மலாய் கற்றுக்கொடுத்தது உங்கள் நோட்டின் பின்னட்டைதான். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த மலாய் 'சாப்பாடு', 'எவ்வளவு', 'நன்றி' அவ்வளவுதான். பிறகு லோஷினி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், அவள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையில் எதிரே உட்கார்ந்து பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். 'மாக்கா காமி, ராக்யாட் மலேசியா' என்று அந்த உறுதிமொழி தொடங்கும். முதலில் சிரிப்பு வந்தது. நம்ம பேச்சில் காமி என்றால் காட்டு என்று அர்த்தம் இல்லையா? இமிகிரேஷன் கவுண்டரில் வரிசையில் முன்னால் நின்ற ஊர்ப் பையன்கள் ஒருவருக்கொருவர் 'பாஸ்போர்ட்ட காமி, பெர்மிட்ட காமி' என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் இருந்தது. இந்த நாடு தன் உறுதிமொழியிலேயே என்னைப் பார்த்துக் 'காட்டு' என்கிறது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அது மரியாதையான 'நாம்' என்றாள். பாதிதான் சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

நம் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடந்தபோது கீழே ஹாலில் கூட்டம் போட்டார்களே, நீங்களும் வந்திருந்தீர்கள். என்சிக் ரஹிம் தலைவர் நாற்காலியில் இருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கையைத் தூக்கினேன். இந்தக் கட்டடத்தில் இருக்கும் நாம் எல்லோரும் கஷ்டப்படுகிறோம், சட்டப்படி நாம் கேட்க உரிமை இருக்கிறது என்று சொல்ல நினைத்து, உறுதிமொழியில் படித்த மரியாதையான சொல்லைப் போட்டு, "காமி சூசா, காமி ஆடா ஹாக்" என்றேன். என்சிக் ரஹிம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"காமி? ஓராங் இந்தியா ஜா கா?"

இந்தியர்கள் மட்டும்தானா என்று கேட்கிறார். அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆமாம், இந்தியாவிலிருந்து வந்தவன்தான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன அம்மா தன் முழங்காலைத் தட்டிக் காண்பித்து, படியேறினால் தனக்கும் வலிக்காதா என்பது போல ஏதோ சொன்னார். பின் வரிசையிலிருந்து சேகர் அண்ணன், என்னோடு மாக் மண்டின் லேத் பட்டறையில் வேலை செய்பவர், நம் மாடிக்குக் கீழ்மாடிக்காரர், எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பி, நீங்க செவப்பு ஐசி. உக்காருங்கலா. நாங்க பேசிக்கிறோம்."

சிவப்பு அடையாள அட்டை என்றால் இங்கே தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். படியேறி மேலே வரும்போது லோஷினி எனக்கு இரண்டு படி முன்னால் போனாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். "அப்பா, காமின்னா நாங்க. கித்தான்னாதான் நாம. நீங்க அவங்கள எல்லாம் வெளிய தள்ளிட்டு பேசுனீங்க. தமிழ்லயும் அப்படித்தானே இருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியதால் பதில் சொல்லவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பதிலை இப்போது சொல்கிறேன்.

தெரியாமல் போகவில்லை மகளே. அந்த வித்தியாசத்தை நான் இலக்கணம் படிக்கும் முன்பே படித்துவிட்டேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர் இரண்டாக இருக்கும். குளத்துக்கு மேற்கே இருப்பது ஊர். கிழக்கே இருப்பது காலனி. நாங்கள் காலனி. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்க வருவார்கள். குளத்தங்கரை வரை வந்து திரும்பிப் போய்விடுவார்கள். வரி கேட்காமல் போகிறார்களே, நல்லதுதானே என்று சின்ன வயதில் நினைத்தேன். வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாவில் நிற்க இடம் என்பது பிறகுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் முகவுரையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் எல்லோரும் 'நாம்' என்று வாசிப்போம். மணி அடித்து வெளியே வந்ததும் அவர்கள் 'நாங்க' என்பார்கள், நாங்களும் 'நாங்க' என்போம். அடிப்படை உரிமைக்கும் அரசு நெறிமுறைக் கோட்பாட்டுக்கும் என்ன வேறுபாடு என்று பரீட்சையில் வரும். உரிமை கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம், நெறிமுறை நிறைவேறாவிட்டால் போக முடியாது, அது அரசுக்குச் சொல்லி வைத்தது என்று எழுதினால் மார்க் உண்டு. மார்க் வாங்கினேன். ஆனால் உரிமைக்காக நீதிமன்றம் போய்விட்டு, பிறகு அதே குளத்தங்கரைக்குத்தானே திரும்பி வர வேண்டும்? அதற்கு என்ன எழுதுவது என்று பாடத்தில் இல்லை. உன் நோட்டின் பின்னட்டையைப் படித்தபோது வேறொன்று தோன்றியது. அங்கே கோட்பாடுகளை அரசுக்குச் சொல்லி வைத்தார்கள். இங்கே மக்களே நின்று, நாங்கள் செய்வோம் என்று சொல்கிறார்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் அந்த முதல் சொல்லுக்குள் நான் இருக்கிறேனா என்றுதான் மனசு தேடுகிறது.

சேகர் அண்ணன் கெட்டவர் இல்லை. கூட்டம் நடந்த மறுநாள் காலை வேலைக்கு அக்கரை போகும் ஃபெரியில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு, எனக்கும் சேர்த்துத் தேத்தாரிக் டீ கட்டிக்கொண்டு வந்தார். நான் கித்தா, காமி வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, இங்கே தமிழர் பேச்சில் கித்தா என்றால் ரப்பர். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "எங்க தாத்தா கித்தா மரத்துல பால் வெட்டி வெட்டித்தான் தம்பி எங்களுக்கு இந்த 'கித்தா' கெடச்சுச்சு. நீங்க ஊர்க்காரங்க, ஃபிளைட்ல வந்து எறங்கி கேட்டா எப்படி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் பட்டர்வொர்த் வந்து இறங்கும்வரை அந்த 'ஊர்க்காரங்க' என்ற சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், கொஞ்சம் இளக்காரமாக. பிறந்த இடத்தில் ஒருநாளும் என்னை யாரும் ஊர்க்காரன் என்று சொன்னதில்லை. கடல் தாண்டி வந்துதான் அந்தப் பட்டம் கிடைத்தது.

நான் ஏன் நீல ஐசிக்கு, அதாவது குடியுரிமைக்கு, மனுப் போட்டேன் என்று தருண் கேட்டான். போன தேர்தலில் உங்கள் பள்ளியில்தான் ஓட்டுச் சாவடி. அம்மா உள்ளே போனாள், நாம் மூவரும் வெளியே ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். அம்மா விரலில் மையோடு வந்தாள். தருண் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்பாவுக்கு எப்போது போடுவார்கள் என்று கேட்டான். அறந்தாங்கியில் தேர்தல் வரும்போது நான் இங்கே இருக்கிறேன். இங்கே தேர்தல் வரும்போது வாசலில் நிற்கிறேன். இரண்டு பக்கமும் என் விரல் சுத்தமாக இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், போட்டுப் பார்க்கலாம் என்று. மலேசிய ஆண் வெளிநாட்டில் பெண்ணெடுத்தால் அந்தப் பெண் குடியுரிமை வாங்க ஒரு வழி இருக்கிறது. மலேசியப் பெண் கட்டிய மாப்பிள்ளைக்கு அந்த வழி இல்லை, பல வருடம் இங்கே குடியிருந்து கேட்கும் சுற்றுவழிதான். ஆண், பெண் என்று வேறுபாடு கூடாது என்றும் இந்த நாட்டின் அதே அரசியலமைப்புப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் அம்மா அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். "நான் ஆம்பளையா பொறந்து நீங்க பொம்பளையா பொறந்திருந்தா எப்பவோ கெடச்சிருக்கும். சரி, சுத்தி வாங்க. நான் இங்கதான இருக்கேன்" என்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் லோஷினி எனக்கு வாத்தியாராகிவிட்டாள். ஆனால் கூட்டத்தில் நடந்தது என்னை விட்டுப் போகவில்லை. காமி என்று சொன்னால் யாரையோ வெளியே தள்ளுகிறோம் என்று நாக்கிலேயே பயம் உட்கார்ந்துவிட்டது. அந்த அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மையார், என் வயதுதான் இருக்கும். பெயர், வேலை, எந்தப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நன்றாகவே சொன்னேன். பிறகு உறுதிமொழியைச் சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, "மாக்கா கித்தா, ராக்யாட் மலேசியா" என்று தொடங்கினேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"புக்கான் கித்தா, என்சிக். காமி."

கித்தா இல்லை ஐயா, காமி. காமி என்று நான் எப்படிச் சொல்வது? நாங்கள், மலேசியக் குடிமக்கள் என்று சொல்ல நான் இன்னும் குடிமகன் ஆகவில்லையே. கித்தா என்றால் எதிரில் இருக்கும் அந்த அம்மையாரையும் சேர்த்துக்கொண்டு, அவர் ஓரத்தில் நானும் ஒட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் சொல்ல என்னிடம் மலாய் இல்லை. இருந்ததைப் போட்டு, "சாயா பெலும் மாசோக், புவான்" என்றேன். நான் இன்னும் உள்ளே வரவில்லை, அம்மா.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என்சிக் டா லாமா டி டாலாம்."

நீங்கள் ரொம்ப நேரமாக உள்ளேதானே இருக்கிறீர்கள் என்றார். அறையைத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், காமி என்றே சொன்னேன். முடிந்ததும் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மழைக்கோட்டுப் பையில் கிடந்து கிடந்து அதன் அட்டை ஓரம் பிரிந்திருந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பதில் வரும்வரை இதுதான் உங்களுடையது என்றார். பதில் எப்போது வரும் என்று கேட்டேன். தபாலில் வரும் என்றார். இன்னும் வரவில்லை. வந்தால் இந்த இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள இரண்டு நாடும் விடாது. வராவிட்டால் அடுத்த தேர்தலிலும் வாசலில் ஐஸ் கச்சாங். தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் எது, மற்றவர்களுடையது எது என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். லிஃப்ட் சரியாகிவிட்டது, ஆனாலும் தபால்பெட்டியைப் பார்க்கப் படியிறங்கித்தான் போகிறேன். லிஃப்டில் சும்மா நின்றுகொண்டு இறங்க முடிவதில்லை.

போன சனிக்கிழமை அம்மா உங்களை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, பழைய பேப்பர் கட்டிலிருந்து தருண் எழுதி முடித்த ஒரு கணக்கு நோட்டை எடுத்தேன். பின்னைக் கழற்றி அட்டையைப் பிரித்தேன். பள்ளியில் புத்தகத்துக்கு அட்டை போடுவதில் நான் கெட்டிக்காரன். பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து அளந்து வெட்டினேன். உறுதிமொழி வெளியே தெரிகிற மாதிரி ஒருமுறை மடித்துப் பார்த்தேன். சரியாக இல்லை. பிரித்து, எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி, பாஸ்போர்ட் அட்டையில் இருக்கும் சிங்கங்களோடு ஒட்டியிருக்கிற மாதிரி மடித்தேன். தருண் அடைத்துவைத்த 'ஏ'க்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. மடிப்புகளைக் கட்டைவிரல் நகத்தால் இழுத்துவிட்டேன். வெளிப்பக்கம் வெறுமையாக இருந்தது. பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, பள்ளியில் எழுதுவது போலவே பெயர் என்று போட்டு என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ஊர் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, அதை அப்படியே அலமாரியில் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துவிட்டேன்.